நூலக விதிகள் யாருக்காக?

பள்ளி நூலகத்தின் வாயிலில் நிற்பவர் கண்ணில் நூல்கள் படுமுன் அறிவிப்புப் பலகையே படும். பேசுதல் கூடாது, உண்ணுதல் கூடாது, நூலில் கோடு கிழித்தல் கூடாது, இசைவின்றிக் கணினியைத் தொடுதல் கூடாது, தவணை கடந்து நூலைத் திருப்பித் தருதல் கூடாது. விதிகள் பல, அவை எல்லாம் ‘கூடாது’ என்றே முடியும். இவற்றுள் பெரும்பாலானவை நல்லவையே. ஆயினும் நல்ல விதியையும் ஒரு வினா கேட்டுப் பார்த்தல் வேண்டும். அவ்விதி யாரைக் காக்க எழுந்தது? நூலையா, நூலைப் படிக்கும் பிள்ளையையா, அன்றி நூலுக்குக் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பாளரையா? மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. நூலைக் காக்கும் விதி பிள்ளையை விரட்டலாம். பொறுப்பாளரைக் காக்கும் விதி நூலையும் பிள்ளையையும் ஒருங்கே கைவிடலாம். ஆதலின் நூலக விதி என்பது நிருவாகச் செய்தி மட்டும் ஆகாது. அஃது அறம் பற்றிய வினாவும் ஆகும்.

எளியவரின் ஒரே வாயில்

வீட்டில் நூலடுக்கும் கணினியும் உடைய பிள்ளைக்குப் பள்ளி நூலகம் பல வாயில்களுள் ஒன்று. அது மூடியிருப்பின் அப்பிள்ளை வேறொரு வாயில் வழியே அறிவைத் தேடிச் செல்லும். அவை இல்லாத பிள்ளைக்கோ அதுவே ஒரே வாயில். அதனை மூடுவோர் ஓர் அறையை மூடுவதாக எண்ணிக்கொள்வர். அப்பிள்ளைக்கோ உலகமே மூடப்படுகிறது.

கோலாலம்பூருக்கு வடமேற்கே உள்ள சுங்கை பூலோவை எடுத்துக்கொள்ளலாம். 1925இல் நிறுவப்பெற்ற இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரந்த சோதனைத் தோட்டம் நெடுங்காலம் இங்கே இருந்தது. அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பயிலத் தமிழ்ப்பள்ளியும் எழுந்தது. பின்னர்க் காலம் மாறியது. தோட்ட நிலத்தின் பெரும்பகுதி குவாசா டமன்சாரா என்னும் நகரியமாக உருவெடுத்தது. 2016 டிசம்பர் 16ஆம் நாள் சுங்கை பூலோவுக்கு எம்.ஆர்.டி. இரயிலும் வந்து சேர்ந்தது. மரங்கள் நின்ற இடத்தில் மாடிகள் நிற்கின்றன. எனினும் மாடி வந்த வீடுகளில் எல்லாம் நூலடுக்கும் கணினியும் வந்துவிடவில்லை.

இந்த உண்மையை நாடு முழுவதற்கும் வெளிச்சமிட்டுக் காட்டியது பெருந்தொற்றுக் காலம். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வகுப்பறை வீட்டுக்குள் நுழைந்தது. அவ்வாண்டில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவரைக் குறித்துக் கல்வி அமைச்சு பெற்றோரிடம் திரட்டிய விடைகளில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரியவந்தது. பத்துப் பிள்ளைகளுள் ஏறக்குறைய நால்வர்! பள்ளியின் நூலக அறையும் கணினி அறையும் அந்த நால்வருக்கு என்ன பொருள் தரும் என்பதை எண்ணிப் பார்த்த பின்னரே விதிப் பலகையில் எழுத்தாணியை வைத்தல் வேண்டும்.

ஏடு கற்பித்த பாடம்

நூலைப் பூட்டி வைத்தால் அது பிழைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தமிழரின் வரலாறு அந்நம்பிக்கையை மறுக்கிறது. பனையோலை ஏடு நிலையாக வாழும் பொருளன்று. கரையானும் ஈரமும் காலமும் அதனைத் தின்றுவிடும். ஒருவர் எடுத்துப் படித்து, மற்றொருவர் புதிய ஓலையில் படியெடுத்தால்தான் நூல் அடுத்த தலைமுறையைச் சேரும். படிப்பாரும் படியெடுப்பாரும் இல்லாத ஏடு, எத்துணைப் பாதுகாப்பான பெட்டியில் இருந்தாலும் மெல்ல மெல்ல மடிந்தது.

உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்து கண்டது இதனையே. பல வீடுகளில் ஏட்டுச் சுவடிகள் மூதாதையர் சொத்தாக மதிக்கப்பெற்றன, ஆனால் பிரிக்கப்படவில்லை. சில இடங்களில் பழுதுபட்ட ஏடுகள் ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பட்டன. ஓரிடத்தில் அவை வேள்வித் தீயில் இடப்பட்டன. இவற்றையெல்லாம் அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் வேதனையோடு பதிந்துள்ளார். சீவக சிந்தாமணி 1887இலும் புறநானூறு 1894இலும் அவர் உழைப்பால் அச்சேறின. அவை இன்று வாழ்வது பூட்டிக் காத்தவரால் அன்று. திறந்து கொடுத்தவராலும் எடுத்துப் படித்தவராலுமே ஆகும். ஏடுகளை அவருக்கு நம்பி அளித்த பெயர் அறியாக் குடும்பத்தார் பலர். அவர்களும் ‘வெளியே கொடுத்தல் கூடாது’ என்னும் விதியைப் பற்றி நின்றிருந்தால் தமிழ் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு!

சங்கிலி அறுந்த கதை

மேலை நாட்டிலும் இதே போராட்டம் நிகழ்ந்தது. கையால் எழுதிய நூல் பெருவிலை பெற்ற காலத்தில் ஐரோப்பிய நூலகங்கள் நூல்களை இரும்புச் சங்கிலியால் அடுக்கோடு பிணைத்து வைத்தன. இங்கிலாந்தின் எரிஃபோர்டுப் பேராலயத்தில் அத்தகைய சங்கிலி நூலகத்தை இன்றும் காணலாம். அக்காலத்திற்கு அச்சங்கிலி ஒரு நியாயம் உடையதே. ஒரு நூல் களவு போனால் அந்நூலே உலகில் இல்லாமற்போகலாம். அச்சுப்பொறி வந்து நூல் பெருகிய பின் அந்நியாயம் மறைந்தது. இரும்புச் சங்கிலி அறுந்தது. மனத்தின் சங்கிலி மட்டும் பல இடங்களில் அறாமல் நின்றது.

அந்த மனச் சங்கிலியை அறுக்க முனைந்தவருள் தலையாயவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. இரங்கநாதன், சென்னையில் கணித ஆசிரியராய் இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931இல் அவர் வெளியிட்ட நூல், நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தது. அவ்வைந்தனுள் ஒன்றேனும் தடை விதி அன்று என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நூலின் நோக்கம் பயன்படுதல் என்பதும், படிப்பவர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதும், நூலுக்கும் உரிய வாசகர் கிட்டுதல் வேண்டும் என்பதும், வாசகரின் நேரம் வீணாகலாகாது என்பதும், நூலகம் உயிருள்ள பொருள்போல் வளரும் என்பதும் அவற்றின் கருத்து. இவ்விதிகள் கட்டளையிடுவது வாசகரை அன்று, நூலகரை. நூலகத்தில் முதலில் விதிக்குக் கட்டுப்பட வேண்டியவர் அதனை நடத்துபவரே என்பது இதன் உட்பொருள்.

விதி இல்லா இடத்தில் வலியவர் ஆட்சி

அவ்வாறாயின் விதிகளையெல்லாம் களைந்துவிடலாமே என்று சிலர் கருதக்கூடும். பூட்டை எடுத்துவிட்டால் அறிவு தானே பாயும் என்பர். இக்கருத்தைச் சோதித்துப் பார்த்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1999 ஜனவரியில் புதுதில்லியின் கல்காஜிப் பகுதியில், ஏழைக் குடியிருப்பை ஒட்டிய அலுவலகச் சுவரில் துளையிட்டு, சுகதா மித்ரா என்னும் அறிவியலார் இணையத்தோடு கூடிய கணினி ஒன்றைப் பதித்து வைத்தார். ஆசிரியர் இல்லை; விதிப் பலகை இல்லை. தெருவில் திரிந்த சிறுவர் தாமே தொட்டுப் பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, கணினியை இயக்கக் கற்றனர். பிள்ளையின் ஆர்வத்திற்கு அஃது அழியாச் சான்று. கணினியைத் தொட்டாலே கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் அதனை நினைவில் கொள்ளுதல் நன்று.

ஆனால் அச்சான்றுக்கு மறுபக்கமும் இருந்தது. சுவர்க் கணினிகளைப் பின்னாளில் ஆராய்ந்த சிலர், வலுவுடைய பெரிய பையன்களே பெரும்பொழுது அவற்றை ஆண்டதையும், சிறுமியரும் சிறுவயதினரும் பின்தள்ளப்பட்டதையும், பெரும்பகுதி நேரம் விளையாட்டிலே கழிந்ததையும் சுட்டிக்காட்டினர். விதி இல்லாத இடத்தில் விடுதலை பிறக்கும் என எதிர்பார்த்தால், பல வேளைகளில் பிறப்பது வலியவர் ஆட்சியே. ‘ஒருவருக்கு முப்பது நிமிடம்’ என்னும் சிறு விதி அங்கே எழுதப்பட்டிருந்து, அதனை நடைமுறைப்படுத்த ஒருவரும் இருந்திருந்தால், ஒதுங்கி நின்ற சிறுமிக்கு அது கேடயமாய் இருந்திருக்கும். ஆகவே, விதி வேண்டுமா வேண்டாமா என்பது பொருத்தமான வினா அன்று. எவ்விதி எளியவருக்குக் கேடயம், எவ்விதி அவருக்குப் பூட்டு என்று பிரித்தறிவதே வினா.

காரணம் மாய்ந்த பின்னும் வாழும் விதி

அவ்வாறு பிரித்தறியாவிடின் என்ன நேரும் என்பதைச் சுங்கை பூலோவின் மண்ணே சொல்லும். நூலகத்தினும் மிகப் பெரிய, மிகக் கடிய விதிகளைக் கண்ட மண் அது. தொழுநோயரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் 1926இல் வந்தது. 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயர் குடியிருப்பு திறக்கப்பெற்றது. பின்னாளில் ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று பெயர் பெற்ற அவ்விடம், மரங்களும் வீடுகளும் வழிபாட்டுத் தலங்களும் பள்ளியும் கொண்ட தனியூராகவே அமைந்தது. நோயரைச் சிறையில் அடைப்பதுபோல் அடைக்காது, மாந்தராக வாழவிட வேண்டும் என்னும் நல்லெண்ணம் அதனுள் இருந்தது. அச்சமும் உடன் இருந்தது. பணத்தாள் வழியே நோய் பரவும் என்று அஞ்சி 1936இல் குடியிருப்புக்கெனத் தனிப் பணத்தாள்கள் அச்சிடப்பட்டன. சில ஆண்டுகளில் அவை கைவிடப்பட்டன. அங்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர்.

பிறகு மருந்து வந்தது. சல்போன் வகை மருந்துகள் நோயைக் கட்டுக்குள் கொணர்ந்தன. பிரித்து வைப்பதற்கான காரணம் தளர்ந்தது. ஆயினும் விதி காரணத்தோடு உடனே சாகவில்லை. விதியால் பிரிந்த குடும்பங்கள் விதி போன பின்னும் ஒன்று சேர்ந்துவிடவில்லை. அந்தத் துயரத்தையும் பள்ளி நூலகத்தின் சிறு விதிகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் தகாது. எனினும் அதிலிருந்து பெறத்தக்க பாடம் உண்டு. நல்லெண்ணத்தோடு எழுந்த விதியும் அச்சத்தைத் துணைக்கொண்டால் அளவு கடக்கும். காரணம் மாய்ந்த பின்னும் பழக்கத்தின் வலிமையால் உயிர் வாழும்.

கணினி அறையின் வாயிலில் காலணிகளைக் கழற்றி வைக்கும் வழக்கத்தை ஒரு சிறு சான்றாகக் கூறலாம். தூசுக்கு எளிதில் பழுதாகும் பொறிகள் இருந்த காலத்தில் அது பொருளுடையது. மடிக்கணினியைப் பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு தூக்கிச் செல்லும் நாளிலும் அவ்வழக்கம் தொடர்வதால் தீங்கில்லை. தரை தூய்மையாய் இருக்கும். ஆனால் ‘நான்காம் ஆண்டுக்குக் கீழ்ப்பட்டோர் கணினியைத் தொடுதல் கூடாது’ என்பது போன்ற விதி அதே வகையில் தொடருமாயின், அது பிள்ளையின் மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கொரு முறையேனும் விதிகளை வரிசையாக நிறுத்தி, ‘உன் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?’ என்று கேட்பதே முறை.

அடுத்து வரும் வாசகர்

விதியை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். நூலகத்தைப் பொறுத்தவரை அவ்வளவுகோல் ‘அடுத்து வரும் வாசகர்’ என்பதாம். நூலகப் பொருள் ஒருவருக்கு உரியது அன்று. இன்று ஒரு பிள்ளை கையில் இருக்கும் நூலை நாளை வேறொரு பிள்ளை தேடி வரும். அப்பிள்ளை இன்று எதிரில் இல்லை. தனக்காகப் பேச இயலாது. இல்லாத அவ்வாசகருக்காக இருக்கின்ற வாசகர் தரும் வாக்குறுதியே நூலக விதி. பக்கத்தைக் கிழியாதே என்பது காகிதத்தின்மேல் கொண்ட பற்றினால் அன்று. அப்பக்கத்தைப் படிக்கவேண்டிய பிள்ளை ஒன்று உண்டு என்பதனால். தவணையில் திருப்பித் தா என்பது பதிவேட்டின் அழகுக்காக அன்று, காத்திருக்கும் பிள்ளைக்காக. அமைதி காத்திடு என்பதும் ஆசிரியரின் செவிக்காக அன்று; அருகில் ஒரு வரியோடு போராடிக்கொண்டிருக்கும் மாணவருக்காக.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால் சில விதிகள் தாமே தளர்ந்து விழும். புதிய நூல்கள் அழுக்காகும் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி, வருகை தருவோர்க்குக் காட்சியாக வைக்கும் வழக்கம் எந்த வாசகரைக் காக்கிறது? அடுத்தவர்க்கும் அது பூட்டியே இருக்கும், அதற்கடுத்தவர்க்கும் அவ்வாறே. பயனை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றித் தரும் விதி அறம். எவருக்கும் தராமல் நிறுத்தி வைக்கும் விதி வெறும் பூட்டு. கையழுக்குப் படிந்து, முனை மடங்கி, தைத்து ஒட்டிய நூல் ஒரு பள்ளிக்கு இழுக்கன்று. பத்தாண்டு கழித்தும் புத்தம் புதிதாய் இருக்கும் நூலே கேள்விக்கு உரியது.

இழப்பும் தண்டமும்

நூல் காணாமற்போயின் என் செய்வது? இங்கேதான் அறம் கடினமாகிறது. 2021 டிசம்பர் 18ஆம் நாளை ஒட்டிப் பெய்த பெருமழையில் ஷா ஆலம், கிள்ளான் முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின; ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து துயர் மையங்களில் தங்கினர். அத்தகைய வெள்ளத்தில் பாயும் சோறும் போன வீட்டிலிருந்து வந்த பிள்ளையிடம், இரவல் பெற்ற நூல் எங்கே என்று தண்டம் கேட்கும் விதி இருக்குமாயின், அவ்விதியைப் படைத்த கை நடுங்கவேண்டும். அதே வேளையில், நூலை வேண்டுமென்றே கிழித்த பிள்ளையையும் வெள்ளத்தில் இழந்த பிள்ளையையும் ஒன்றாக மன்னித்தால், காத்திருக்கும் வாசகருக்குத் தந்த வாக்கு பொய்க்கும். கவனக்குறைவு, கேடு நினைத்தல், நேர்ந்த இடர் ஆகிய மூன்றையும் வேறு வேறாக நோக்குதல் நீதியின் முதற்படி. விதிப் பலகையால் அதனைச் செய்ய இயலாது. பிள்ளையை அறிந்த ஆசிரியரால்தான் இயலும்.

வெள்ளம் போன்ற பேரிடர் வேண்டியதில்லை. பத்து ரிங்கிட் விலையுள்ள நூலைத் தொலைத்த பிள்ளை, ஈடு கட்டும் வரை வேறு நூல் பெறுதல் கூடாது என்று விதி சொல்வதாகக் கொள்வோம். வசதியுள்ள பிள்ளை மறுநாளே பணம் கொணரும். அதற்குப் பாடம் ஒன்றுமில்லை. வசதியற்ற பிள்ளை வீட்டில் கேட்க அஞ்சும். நூலகத்தின் பக்கமே வாராது. ஒரே தண்டம் ஒருவருக்குக் கொசுக்கடி; மற்றொருவருக்கு நாடு கடத்தல். நூல் தேவைப்படும் பிள்ளையைத்தான் அவ்விதி முதலில் வெளியேற்றுகிறது.

தண்டம் இல்லாவிடின் நூல்கள் திரும்பி வாரா என்னும் அச்சத்துக்கு அமெரிக்காவின் சிக்காகோ நகரம் ஒரு விடை தந்தது. 2019 அக்டோபரில் அந்நகரப் பொது நூலகம் காலந்தாழ்ந்த நூல்களுக்கான தண்டத்தை நீக்கியது. அடுத்த சில வாரங்களில் திரும்பி வந்த நூல்களின் எண்ணிக்கை 240 விழுக்காடு கூடியது. நெடுநாள் அஞ்சி ஒளித்து வைத்திருந்தோர் நூல்களோடு திரும்பி வந்தனர். 2021இல் நியூயார்க்கின் பொது நூலகங்களும் அவ்வழியே சென்றன. தண்டம் நூலை மீட்பதாக எண்ணியிருந்த இடத்தில், அது நூலையும் வாசகரையும் ஒருங்கே தடுத்து நின்றது. பள்ளியில் ஈடு பணமாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. பழுதான நூல்களுக்கு அட்டை போட உதவுதல், அடுக்கை ஒரு வாரம் ஒழுங்குபடுத்தல், கீழ் வகுப்பினருக்கு ஒரு கதை படித்துக் காட்டல் ஆகியனவும் அடுத்த வாசகருக்குச் செலுத்தும் ஈடே ஆகும். அவை பிள்ளையை நூலுக்கு அருகில் கொணரும்.

கணினி எழுப்பும் வினாக்கள்

நூலில் இல்லாத சில சிக்கல்கள் கணினியில் உண்டு. நூல் படிப்பவரைப் பார்ப்பதில்லை, கணினி பார்க்கிறது. எதைத் தேடினார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதெல்லாம் அதில் பதிந்து நிற்கும். தன் உடலில் நேரும் மாற்றத்தைப் பற்றியோ, வீட்டில் ஒருவருக்கு வந்த நோயைப் பற்றியோ, வாய்விட்டுக் கேட்க அஞ்சும் துன்பத்தைப் பற்றியோ ஒரு பிள்ளை தேடியிருக்கலாம். அதனை வகுப்பின் நடுவே எடுத்துச் சொல்லி நகைப்புக்கு இடமாக்கினால், அப்பிள்ளை மட்டுமன்று, பார்த்திருந்த அனைவரும் இனி எதையும் கேளார். வாசகர் படிப்பதைப் பிறருக்கு வெளியிடாமை நூலகரின் கடமை என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939லேயே தன் ஒழுக்க நெறியில் ஏற்றது. தொடக்கப்பள்ளிப் பிள்ளையை இணையத்தில் தனியே விட்டுவிடுதல் இயலாது, காவல் வேண்டும். ஆனால் காவலுக்கும் ஒற்றுக்கும் வேறுபாடு உண்டு. ‘உன் நலன் கருதி உன் பொறுப்பாசிரியர் இதனைப் பார்ப்பார், வேறெவரும் பாரார்’ என்று முன்னரே சொல்லிப் பார்ப்பது காவல். சொல்லாமல் பார்த்து, பார்த்ததைப் பழியாக்குவது ஒற்று.

கடவுச்சொல்லும் அத்தகையதே. 2020 ஜூன் திங்களில் கல்வி அமைச்சு தொடங்கிய ‘டிலிமா’ தளத்தில் நுழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமும் கடவுச்சொல்லும் உண்டு. வேலை எளிதாக வேண்டும் என்று வகுப்பினர் அனைவருக்கும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுத்து, கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கம் தோன்றலாம். பிறர் கணினிக்குள் உரிமையின்றி நுழைவதைக் குற்றமாக்கிய கணினிக் குற்றச் சட்டம் 1997 முதல் இந்நாட்டில் உள்ளது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைக் காட்டிலும், கடவுச்சொல் என்பது தோழரின் புத்தகப்பை போன்றது, திறந்தே கிடந்தாலும் கையிடல் ஆகாது என்று உணர்த்துவது பிள்ளை நெஞ்சில் நிற்கும். பயன்படுத்தி முடித்தபின் தன் கணக்கிலிருந்து வெளியேறி, பிறர் சேமித்த கோப்பை அழிக்காமல் எழுந்து செல்வதும் அடுத்து வரும் வாசகருக்குச் செய்யும் மரியாதையே.

படியெடுத்தல் மற்றொரு வினா. ஏட்டுக் காலத்தில் படியெடுத்தவர் நூலை வாழ்வித்தார்; இணையத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்துத் தன் கட்டுரையென ஒப்படைக்கும் மாணவரோ தன் சிந்தனையை மாய்க்கிறார். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் இது மேலும் கூர்மை பெறுகிறது. தடை விதி மட்டும் போதாது. பள்ளி எதனைப் போற்றுகிறது என்பதையும் நோக்கவேண்டும். வாசிப்பை வளர்க்க 1998 முதல் நடைபெறும் ‘நிலாம்’ திட்டத்தில் மாணவர் படித்த நூல்களைப் பதிவு செய்வர். எண்ணிக்கைக்கேற்பப் பாராட்டும் உண்டு. நோக்கம் உயர்ந்தது. ஆனால் எண்ணிக்கை ஒன்றையே பள்ளி கேட்குமாயின், படியாத நூலின் தலைப்பை அட்டையைப் பார்த்து எழுதிவிடும் ஆசையும் பிறக்கும். ஒரு நூலைப் பற்றி ஐந்து நிமிடம் உரையாடும் ஆசிரியர், நூறு பதிவுகளைக் காட்டிலும் மெய்ம்மையை வளர்ப்பார்.

பொறுப்பாளரின் அச்சம்

இவற்றையெல்லாம் கேட்கும் தலைமையாசிரியரும் நூலகப் பொறுப்பாசிரியரும் பெருமூச்சு விடுவது இயல்பே. நூலும் கணினியும் அரசாங்கச் சொத்துகள். இருப்புப் பதிவேட்டில் ஏறியவை. ஒன்று குறைந்தால் அறிக்கை எழுத வேண்டியவர் அவரே. நூல் பயன்படாமல் கிடந்தாலோ எவரும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை. இழப்புக்கு வினா உண்டு. பயனின்மைக்கு வினா இல்லை. இத்தகைய அமைப்பில் பூட்டுவதே அறிவுடைமை என்று ஒருவர் முடிவு செய்தால் அவரை மட்டும் பழித்தல் நீதியாகாது.

ஆயினும் பயனின்மையும் ஓர் இழப்பே. 2011இல் அறிவிக்கப்பெற்று, நாட்டுப் பள்ளிகளை இணையத்தால் பிணைக்க முனைந்த ‘1பெஸ்தாரிநெட்’ திட்டம் 2019இல் முடிவுற்றது. அத்திட்டத்தின் கற்றல் தளத்தை ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் பயன்படுத்திய அளவு, ஆய்ந்த பள்ளிகளில் ஐந்து விழுக்காட்டையும் எட்டவில்லை என்று 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டியது. எந்தப் பொருளும் களவு போகவில்லை. எனினும் நாடு பெருந்தொகையின் பயனை இழந்தது. ஆதலின் பொறுப்பாளரின் பதிவேட்டில் ஒரு பத்தியைச் சேர்த்தல் வேண்டும். ‘எத்தனை தொலைந்தன’ என்பதன் அருகில் ‘எத்தனை படிக்கப்பட்டன’ என்பதும் எழுதப்படட்டும். ஆயிரம் முறை இரவல் சென்ற நூல்களுள் பத்துக் காணாமற்போவதும், ஒன்றும் இரவல் செல்லாமல் ஒன்றும் காணாமற்போகாமையும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. மேலதிகாரிகள் இதனை ஏற்றால் பொறுப்பாசிரியரின் கை தானே தளர்ந்து பூட்டைத் திறக்கும்.

பிள்ளைகளோடு ஆக்கும் விதி

இறுதியாக, விதியை ஆக்குபவர் யார் என்பதும் விதியின் அறத்தைத் தீர்மானிக்கும். பெரியோர் எழுதிச் சுவரில் அறைந்த விதியைப் பிள்ளை அஞ்சும், கண்மறைந்தால் மீறும். தானும் கூடியிருந்து ஆக்கிய விதியைப் பிள்ளை தன் சொல்லாகக் கருதும். ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர் நூலகர்களை அமர்த்தி, கணினி ஆறு, பிள்ளைகள் முப்பத்தாறு, நேரம் ஒரு மணி என்னும் கணக்கை அவர்கள்முன் வைத்தால் போதும். எவ்வாறு பங்கிடுவது, இரண்டாம் ஆண்டுப் பிள்ளையைப் பெரியவர் தள்ளாமல் காப்பது எங்ஙனம், வீட்டில் கணினி இல்லாதவருக்குக் கூடுதல் நேரம் தரலாமா என்பவற்றை அவர்களே வாதிப்பர். கடைசி வினாவில் சமம் என்பதும் நீதி என்பதும் ஒன்றல்ல என்னும் உண்மையைப் பத்து வயதுப் பிள்ளைகள் கண்டுகொள்வர். பாடநூலின் நன்னெறிப் பாடம் பல வாரங்களில் தர முயல்வதை அந்த ஒரு மணி நேரம் தந்துவிடும்.

அங்ஙனம் ஆக்கிய விதிகள் எண்ணிக்கையில் குறைந்திருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் அதன் காரணம் எழுதப்பெற்றிருக்கும். காரணம் எழுத இயலாத விதி பலகையில் இடம் பெறாது. அவ்விதியை மீறும் பிள்ளையை நோக்கி, ‘ஏன் விதியை மீறினாய்?’ என்று கேட்பதைவிட, ‘உனக்குப் பின் வருபவர் என் செய்வார்?’ என்று கேட்பதே பொருந்தும். முதல் வினா பிள்ளையை அதிகாரத்தின் முன் நிறுத்துகிறது. இரண்டாம் வினா மற்றொரு பிள்ளையின் முன் நிறுத்துகிறது.

நூலகத்தில் பழகும் இவ்வொழுக்கம் நூலகத்தோடு நிற்பதில்லை. பொதுச் சாலை, பொதுக் குழாய், பொதுப் பூங்கா, பொதுப் பணம் ஆகிய அனைத்தும் அடுத்து வருபவருக்கும் உரியவை. அதனை முப்பது வயதில் சட்டம் கற்பிக்க முயல்வதைக் காட்டிலும், ஒன்பது வயதில் ஒரு கதைப்புத்தகம் கற்பிப்பது எளிது. அதற்கு அப்புத்தகம் அப்பிள்ளையின் கைக்கு முதலில் எட்டியாக வேண்டும்.